பதினைந்து கட்டிலுக்கு ஒரு விளக்கு



நான் டாக்டர் இல்லை. நாற்பது ஆண்டுகள் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். அவற்றில் பாதிக்குப் பாதி ஆஸ்பத்திரி வரைபடங்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் கம்பனையோ வள்ளுவனையோ எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று பேசப்போவது சன்னல், டியூப்லைட், சுவிட்சு. ஆனாலும் தலைநகர் தில்லியின் தமிழ்க் கூட்டத்தில் ஒரு கல்வெட்டாவது சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. அதனால் கல்வெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, கூடவே ஓர் ஆதுலர்சாலை. நோயுற்றவர்க்கான இடம் என்று பொருள். அதில் பதினைந்து கட்டில். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் கூலி குறித்திருக்கிறார்கள். எந்தெந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு நடுவே ஆதுலர்சாலையில் இரவில் எரிய விளக்கு ஒன்று, அதற்கு நாள்தோறும் எண்ணெய் இவ்வளவு என்று ஒரு வரி வருகிறது.

பதினைந்து கட்டிலுக்கு ஒரு விளக்கு. நம் முன்னோர்களுக்கு எல்லாம் அப்போதே தெரியும் என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் செலவு அப்படி. ஆனால் அந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களுக்கு இரவு இரவாக இருந்திருக்கும். அதுதான் இன்றைக்குக் கிடைக்காத பொருளாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா இந்த ஊரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஒன்பது நாள் இருந்தார். எண்பத்திரண்டு வயது, நிமோனியா. ஐந்தாம் நாள் இரவு இரண்டரை மணிக்குப் போன் வந்தது. அம்மா ரகளை பண்ணுகிறார், உடனே வாருங்கள் என்றார்கள். உள்ளே போனேன். “ஏண்டா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? இன்னும் ஒரு வாய் காப்பி கண்ணுல காட்டல இந்தப் பொண்ணுங்க” என்றார். அவர் முகத்துக்கு நேர் மேலே இரண்டடிக்கு இரண்டடி எல்இடி பலகை பாலைக் கொட்டியதுபோல் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது, அவர் தலைமாட்டுக்குப் பின்னால். சன்னல் கிடையாது. காலையில் கேஸ் ஷீட்டில் பார்த்தால், நோயாளிக்கு நேரமும் இடமும் புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். முதியவர்களுக்கு ஐசியூவில் வரும் இந்தக் குழப்பத்துக்குக் காய்ச்சல், மருந்து, ஆக்சிஜன் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் தெரிந்துகொள்ள அந்த அறையில் அம்மாவுக்கு என்ன இருந்தது என்று எழுதியவரைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கண் பார்ப்பதற்கு மட்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணரும் செல்கள் உண்டு என்று பள்ளியில் படித்தோம். மூன்றாவதாக ஒரு வகை இருப்பது 2002இல்தான் உறுதியானது. இவை உருவத்தைக் காட்டுவதில்லை. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளந்து, மூளைக்குள் இருக்கிற கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. நீல வெளிச்சத்தைத்தான் அவை அதிகம் உணரும். மூளையில் மட்டுமின்றி உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஓடுகிற இந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டறிந்ததற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. தூக்கம், காய்ச்சலின் ஏற்ற இறக்கம், ரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன.

அளவைச் சொன்னால் விளங்கும். நல்ல வெயிலில் வெட்டவெளியில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் வரை போகும். மூட்டமான நாளிலும் 10,000 இருக்கும். நம் வார்டுகளில் பகலில் 100, 200, மிஞ்சினால் 300. நமக்குப் போதுமான வெளிச்சமாகத் தெரியும், பேப்பர் படிக்கலாம். கடிகாரத்துக்கு அது அந்திப்பொழுது. இரவிலும் அதே 200 எரிகிறது. ஆக உள்ளே படுத்திருப்பவருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே அந்தி. வெளிச்சம் போதவில்லை என்று குறை சொல்பவர்களும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பவர்களும் ஒரே வார்டில் இருப்பது இதனால்தான். இரண்டு பேரும் சொல்வது சரி.

இப்போது என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்திருந்ததைப் போன்ற ஐசியூக்களை நானே வரைந்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் வேண்டும், லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும், எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் வேண்டும் என்பார்கள். அப்படியே கட்டடத்தின் நடுவயிற்றுக்குள் தள்ளிவிடுவோம். வெளிச்சுவர் முழுக்க டீலக்ஸ் அறைகளுக்கும் நுழைவு மண்டபத்துக்கும் போய்விடும். சன்னலுக்கு வாடகை உண்டு, ஐயா. ஐசியூ நோயாளி சன்னல் கேட்டுச் சண்டை போடுகிற நிலையில் இல்லை. டுவின் ஷேரிங் என்று இருவருக்கு ஓர் அறை தருவார்களே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? சன்னலோரக் கட்டில்காரர் நடுத்திரையை இழுத்துவிட்டால் கதவோரக் கட்டில்காரருக்கு மிஞ்சுவது கழிப்பறைக் கதவு. இருவருக்கும் ஒரே வாடகை.

சன்னல் வைத்துவிட்டால் போதும் என்றும் இல்லை. தில்லியில் மேற்குச் சன்னல் மே மாதத்தில் தண்டனை. சென்னையில் பழகிய கை இங்கே வந்து தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு 28½ பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில், 85 பாகையில். டிசம்பர் 21இல் தெற்கே சரிந்து 38 பாகையில். தெற்குச் சுவரில் ஐந்தடி உயரச் சன்னலுக்கு இரண்டடி நீளத்தில் ஒரு சஜ்ஜா போடுங்கள். ஊரில் நாம் சன்ஷேடு என்போம், இங்கே மேஸ்திரிக்கு சஜ்ஜா என்றால்தான் புரியும். ஜூன் மத்தியானத்தில் சன்னல் முழுக்க நிழல். டிசம்பரில் மேலே ஒன்றரை அடிக்குத்தான் நிழல், மீதி மூன்றரை அடி வழியாக வெயில் கட்டில்வரை வரும். மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம். ஒரு சிமென்ட் பலகை இந்த வேலையைச் செய்கிறது. இதை விட்டுவிட்டு நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கண்ணாடி போர்த்தி, உள்ளே பிளைண்டை இறக்கி, பகலில் டியூப்லைட் போடுகிற கட்டடத்துக்கு நவீனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பழைய தில்லி ஆஸ்பத்திரிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. 1916இல் தொடங்கிய லேடி ஹார்டிங்கின் பழைய கட்டடங்களையும், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காகத் தொடங்கிய சஃப்தர்ஜங்கையும் நினைத்துச் சொல்கிறேன். தாழ்ந்த கட்டடம், நீள வராந்தா, நடுவே புல்வெளி. அழகுக்காகச் செய்ததில்லை. அன்றைக்கு லிஃப்டும் ஏசியும் இல்லை, காற்றையும் வெளிச்சத்தையும் சுவர் வழியாகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜனவரியில் நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து, ‘தூப்’, அதாவது வெயில், காயவிடுவார்கள். பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு சொந்தக்காரர்கள். எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்த சிகிச்சை இல்லை அது. தில்லிக்காரர்களுக்குத் தானாகவே தெரியும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சன்னலை விட்டு அதைப் பிரிக்க முடியாது. பெருவின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை அளந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. உயரமான கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய வார்டுகளில் சன்னல் கதவைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் 40 முறை காற்று மாறியது. புதுக் கட்டடங்களில் 17 முறை. பணம் போட்டு இயந்திரக் காற்றோட்டம் அமைத்த காசநோய் அறைகளில் 12 முறை. காசநோய் தொற்றும் வாய்ப்பு பழைய வார்டுகளில்தான் மிகக் குறைவு. ஆனால் காற்று கெட்டுக் கிடக்கிற நவம்பர் தில்லியில் சன்னலைத் திற என்று சொன்னால் அடிப்பீர்கள், தெரியும். அதற்காக அடியோடு மூடி வைப்பதும் ஆபத்து. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை, கண்ணாடி போர்த்திய கட்டடத்திலிருந்து வெளியேற வழியில்லாமல் மாடிமாடியாக ஏறியது. தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சடைத்து. ஆகவே எப்போதும் மூடிய கண்ணாடி வெளிச்சத்துக்கு இருக்கட்டும், அவசரத்துக்குத் திறக்கிற கதவு தனியாக இருக்கட்டும். நவம்பர் மாதத்துக்கும் தீ பிடித்த இரவுக்கும் ஒரே சன்னல் போதாது.

காற்று, வெளிச்சம் என்று இவ்வளவு பேசுகிறவன் இதையும் சொல்லியாக வேண்டும். இவற்றின் மேல் நம்பிக்கை வைத்து உலகம் ஒருமுறை ஏமாந்திருக்கிறது. அந்தக் கதையில் நம்மவர் இருவர் வருகிறார்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சௌரி முத்து என்ற தமிழ் டாக்டர் ஒரு காசநோய் சானடோரியம் நடத்தினார். திறந்த காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு, இதுதான் வைத்தியம். 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக இருந்தார். கும்பகோணத்துக்காரருக்கு இங்கிலாந்துக் குளிரில் திறந்த சன்னல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு சௌரி முத்து ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்தில் தொடங்கியதுதான் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிற சானடோரியம்.

1956இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும் சேர்த்து மருந்து. இன்னொரு பகுதியினருக்கு அதே மருந்து, சென்னையின் நெருக்கடியான வீடுகளில், கிடைத்த சாப்பாட்டோடு. 1959இல் முடிவு வெளியானபோது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம். குணப்படுத்தியது மாத்திரை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் வெளிச்சத்தால் எல்லாம் ஆகும் என்று விற்கிற கம்பெனிகள் இப்போது கிளம்பியிருக்கின்றன.

என் தொழில்காரர்கள் அதிலிருந்து தவறான பாடம் படித்தார்கள். மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால் சன்னல் எதற்கு என்று கட்டடத்தை மூட்டையாகக் கட்டினார்கள். அதற்கும் பதில் வந்தது. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய கோப்புகளை எடுத்தார். 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்கள். ஒரே மாதிரி அறைகள். சிலருக்குச் சன்னலில் மரங்கள் தெரிந்தன, சிலருக்குச் செங்கல் சுவர். வயது, உடல்நிலை பொருந்த 23 ஜோடி சேர்த்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு போனார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலிமருந்தும் மரக்காரர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2005இல் பிட்ஸ்பர்கில் முதுகெலும்பு அறுவை நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் வெயில் பக்கத்து அறைக்காரர்கள் 22 சதவீதம் குறைவாக வலிமருந்து எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றுகிற வித்தியாசம் இல்லை. வலி கொஞ்சம் குறைந்தது, முக்கால் நாள் முன்னால் வீட்டுச் சோறு. படுத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள், அது சின்ன விஷயமா என்று.

நோயாளி ஒரு வாரத்தில் போய்விடுவார். அங்கேயே கிடப்பவர்கள் சிஸ்டர்கள். நர்ஸிங் ஸ்டேஷன் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். தளத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் கண் எட்டும்படி. நாலு பக்கத்தையும் பார்க்கலாம், வானத்தைத் தவிர. மருந்து எடுத்து வைக்கிற அறை அதற்கும் பின்னால், அலமாரியின் நிழல் விழுகிற மேசையில். அமெரிக்காவில் கூட்டம் மிகுந்த ஒரு மருந்தகத்தில் மேசை வெளிச்சத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சுமார் 450 லக்ஸில் 3.8 சதவீதமாக இருந்த மருந்துப் பிழை 1,500 லக்ஸில் 2.6 ஆகக் குறைந்தது. 1991இல் வெளியான ஆய்வு அது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் ஆஸ்பத்திரி மருந்து மேசைக்குத் தனி விளக்கு வேண்டும் என்று நான் எழுதினால் ‘எஸ்டிமேட்டில் குறைக்கலாம்’ என்று முதலில் அடிபடுவது அதுதான்.

வெளிச்சத்தின் அளவு மட்டும் இல்லை, நிறமும் சிஸ்டருக்கு ஒரு கருவி. உதடு நீலம் பாய்கிறதா, நகம் வெளுக்கிறதா, குழந்தையின் உடம்பில் மஞ்சள் ஏறுகிறதா என்று முதலில் பார்ப்பது கண். நம் மாநிறத் தோலில் அதைப் பிடிப்பது இன்னும் கடினம். நிறம் சரியாகக் காட்டாத மலிவு எல்இடியின் கீழ் எல்லோரும் ஒரே மாதிரி நோஞ்சானாகத் தெரிவார்கள். ஆஸ்திரேலியாவில் நீலம் பாய்வதைக் கண்டுபிடிக்க ஏற்ற விளக்கா என்று அளக்கத் தனிக் குறியெண்ணே வைத்திருக்கிறார்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிஸ்டரின் கதையை விட மனம் வரவில்லை. 1950களின் நடுவே, இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுத் தலைவி ஜீன் வார்டு. வெயில் நல்ல நாளில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவது அவர் வழக்கம். ஒரு நாள் அப்படித் திரும்பக் கொண்டுவந்த குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த ஒரு முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் போயிருக்கிறது. அதிலிருந்து ஆராய்ந்து 1958இல் ஒளிச் சிகிச்சை பற்றிய கட்டுரை வந்தது. இன்று எந்த ஊர் மகப்பேறு ஆஸ்பத்திரியிலும் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் குழந்தையைப் படுக்கவைக்கிறார்களே, அதன் தொடக்கம் அந்த முற்றம். அதே நீல வெளிச்சம் பக்கத்துத் தொட்டில் குழந்தையின் மேல் சிந்தினால் அதன் உதட்டின் நிறம் தெரியாது, சிஸ்டருக்குத் தலை சுற்றும். திரை போட வேண்டும். இரண்டு மீட்டர் துணி.

இரவுப் பணிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் உடலின் கடிகாரத்தைக் குலைக்கிற இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தும் எடுக்கவில்லை. ஜூன் மாதத் தில்லியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் வந்துவிடும். எட்டு மணிக்கு நைட் டியூட்டி முடித்து மெட்ரோ ஏறப் போகும் பெண்ணுக்கு வெயில் முகத்தில் அடித்து ‘விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்கிறது. இரவெல்லாம் கிடைக்காத பகல் தூங்கப் போகிற நேரத்தில் கிடைக்கிறது. வீட்டுக்குப் போகும்வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பார்ப்பவர்கள் ஸ்டைல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எய்ம்ஸ் உருவாகக் காரணமான முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் சிம்லாவிலிருந்த தன் குடும்ப வீட்டை எய்ம்ஸ் ஊழியர்களும் நர்ஸுகளும் விடுமுறையில் ஓய்வெடுக்க எழுதிக்கொடுத்தார். நர்ஸுக்கு ஓய்வு வேண்டும் என்பதை ஒரு கட்டடமாக நினைத்த அமைச்சர் அவர். இன்று புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் நர்ஸ் ஓய்வறை எங்கே என்று தேடினால் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இரவில் சிஸ்டருக்கு நரம்பு தெரிய வெளிச்சம் வேண்டும், நோயாளிக்குத் தூங்க இருட்டு வேண்டும். இரண்டும் எப்படி முடியும் என்பார்கள். பொது வார்டில் ராத்திரி போய் நின்று பாருங்கள். பதினான்காம் கட்டிலுக்கு ஊசி போட வேண்டும். சுவிட்சுப் பலகை வாசலில். ஒரு சுவிட்சுக்கு எட்டு டியூப்லைட். பட்டென்று போட்டால் இருபத்தெட்டுப் பேரும் கண்விழிக்கிறார்கள். ஊசி போட்டு முடித்து அணைக்க வாசல்வரை நடக்க வேண்டும். அதற்குள் ஆறாம் கட்டில் கூப்பிடுகிறது. விளக்கு அப்படியே விடியும்வரை எரிகிறது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. கட்டிலுக்கு ஒரு தனி விளக்கு, தலைமாட்டில் அதற்கொரு சுவிட்சு, நடைபாதையில் முழங்காலுக்குக் கீழே மங்கலான மஞ்சள் விளக்கு. கட்டும்போது கூடுதலாக ஓர் ஒயர், அவ்வளவுதான். கட்டிய பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும்.

இந்த ஊரில் இன்னும் பல ஆஸ்பத்திரிகள் எழும்பப் போகின்றன. அவற்றின் வரைபடம் உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கப்போவதில்லை. ஆனால் யாரையாவது பார்க்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. போனதும் சன்னல் திரையை விலக்குங்கள். கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்ப முடியுமா என்று சிஸ்டரிடம் பணிவாகக் கேளுங்கள். கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தால் எதிரே மாட்டச் சொல்லுங்கள். இரவு புறப்படும்போது, முகத்துக்கு மேலே எரிகிற விளக்கின் சுவிட்சு எதுவென்று தேடி, சிஸ்டரைக் கேட்டு, அணைத்துவிட்டு வாருங்கள்.